கியரை எண்ணாதீங்க, காடியைப் பாருங்க

ஆபீஸ்ல எவனாவது சைக்கிள் வாங்கணும்னு முடிவு பண்ணிட்டா, அடுத்த பத்து நிமிஷத்துல எனக்கு மெசேஜ் வந்துரும். "மச்சி, பட்ஜெட் பதினஞ்சாயிரம், எது வாங்கலாம்?" பொட்டி தட்டுற கூட்டத்துல சைக்கிள் பைத்தியம்னு பேர் எடுத்ததுக்குத் தண்டனை இது. :-)

முன்னாடியெல்லாம் நானும் சளைக்காம பதில் சொல்லுவேன். கியர் 21ஆ 24ஆ, டிஸ்க் பிரேக் இருக்கா, ஃபிரேம் அலுமினியமா இரும்பா, முன்னால சஸ்பென்ஷன் உண்டான்னு ஒரு பெரிய பட்டியலே போடுவேன். இப்ப கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: "பின்சக்கரக் காடி எப்படி இருக்கு? போட்டோ எடுத்து அனுப்பு." பாதிப் பேர் அதோட என்னை விட்டுடுறாங்க. மீதிப் பேர் "காடின்னா என்னடா?"ன்னு கேக்குறாங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பதிவு. இதுக்குப் பின்னால நான் பண்ணின ஒரு தப்பும் இருக்கு. அதையும் மறைக்காம சொல்லிடுறேன்.

முதல்ல காடி

உங்க சைக்கிள் பக்கத்துல குத்தவச்சு உக்காந்து பின்சக்கரத்தோட அச்சைப் பாருங்க. ஃபிரேமோட கடைசியில ரெண்டு பக்கமும் ஒவ்வொரு தகடு, அதுல ஒரு வெட்டு. அந்த வெட்டுலதான் அச்சு உக்காந்திருக்கும், மேல நட்டு போட்டு இறுக்கியிருப்பாங்க. இங்கிலீஷ்ல இதுக்கு டிராப்-அவுட்னு பேரு. தூத்துக்குடியில எங்க தெருமுனை சைக்கிள் கடை அண்ணாச்சி இதைக் 'காடி'ம்பார். ஆசாரிமார் பலகையில வெட்டுற பள்ளத்துக்குச் சொல்ற அதே வார்த்தை. எனக்கு அது பிடிச்சுப்போச்சு, அதனால இங்கயும் அதேதான்.

அந்த வெட்டு எந்தப் பக்கம் பாத்துத் திறந்திருக்கு? மொத்த மேட்டரும் இதுதான். மூணு விதம் இருக்கு.

ஒண்ணு, பின்பக்கம் திறந்த படுக்கைக் காடி. நம்ம பழைய கம்பி பிரேக் சைக்கிள்கள்ல பாத்திருப்பீங்க. அச்சை முன்னயும் பின்னயும் நகர்த்தலாம். நகர்த்துன இடத்துல பிடிச்சு வைக்க ரெண்டு பக்கமும் செயின் அட்ஜஸ்டர்னு ஒரு மரையாணி இருக்கும்.

ரெண்டு, முன்பக்கம் திறந்த படுக்கைக் காடி. பழைய ரேஸ் சைக்கிள்கள்ல இதுதான். இன்னைக்கும் விலை குறைஞ்ச சில இரும்பு ஃபிரேம்கள்ல வருது.

மூணு, நிமிர்ந்த காடி. கீழ்ப்பக்கம் திறந்திருக்கும். அச்சு நேரா மேல போய் முட்டி நிக்கும், முன்ன பின்ன ஒரு இம்மி நகராது. இன்னைக்குக் கடையில பளபளன்னு நிக்கிற கியர் சைக்கிள்ல பெரும்பாலும் இதுதான். இன்னும் விலை கூடினதுல வெட்டே கிடையாது, ஓட்டைக்குள்ள அச்சைச் சொருகித் திருகணும். அதையும் இந்தக் கணக்குலயே வைங்க.

செயினும் கொஞ்சம் கணக்கும்

எதுக்கு அச்சு நகரணும்? செயினுக்காக. ஒத்தப் பல்சக்கர சைக்கிள்ல செயின் தொங்கவும் கூடாது, விண்ணுன்னு இழுத்துக்கிட்டும் இருக்கக் கூடாது. தொங்கினா கழண்டுரும், இறுகினா மிதிக்கவே விடாது.

சைக்கிள் செயின்ல ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் அரை இஞ்ச். உள்கண்ணி, வெளிக்கண்ணின்னு மாறி மாறி வர்றதால, வெட்டி ஒட்டும்போது சாதாரணமா ஜோடியாத்தான் எடுக்க முடியும், அதாவது ஒரு இஞ்ச். செயின் மேல ஒரு தடவை கீழ ஒரு தடவை ஓடுறதால, ஒரு இஞ்ச் செயினை எடுத்தா அச்சு அரை இஞ்ச் முன்னால வரணும். ஆக, காடியில அச்சு நகர சுமார் 13 மில்லிமீட்டர் இடம் இருந்தா, எந்தப் பல்சக்கர ஜோடி போட்டாலும் செயினைச் சரியா மாட்டிடலாம். பின்னால ஒரு பல் கூட்டினாலோ குறைச்சாலோ அச்சு நகர்றது 3 மில்லிமீட்டர் சொச்சம்தான்.

இன்னொண்ணு, செயின் தேயும். அதைத்தான் 'செயின் நீண்டுருச்சு'ன்னு சொல்றோம். கம்பி மாதிரி இழுபட்டு நீள்றதில்லை, ஒவ்வொரு கண்ணியிலயும் இருக்கிற பின் தேஞ்சு தேஞ்சு இடைவெளி கூடுது. நூத்திச் சொச்சம் கண்ணி இருக்கிற செயின் நூத்துக்கு ஒண்ணு தேஞ்சா அரை இஞ்ச் நீளம் கூடிரும். அச்சைக் கால் இஞ்ச் பின்னால தள்ளினா மறுபடியும் சரி. படுக்கைக் காடியில இது ரெண்டு நட்டு வேலை.

கியர் சைக்கிள் கதை வேற. அதுல செயின் சின்னப் பல்லுக்கும் பெரிய பல்லுக்கும் தாவிக்கிட்டே இருக்கும், தேவைப்படுற நீளமும் மாறிக்கிட்டே இருக்கும். அந்த மிச்சத்தை எல்லாம் டீரெய்லர் இழுத்துப் பிடிச்சுக்கும். (எங்க ஊர்ல டிரெய்லர்னு சொன்னா கன்டெய்னர் லாரின்னு நினைச்சுக்குவாங்க. இது வேற!) ஸ்பிரிங் போட்ட ஒரு கை, அதுல ரெண்டு குட்டிச் சக்கரம், அதுதான் டீரெய்லர். அது இருக்கும்போது அச்சு நகர வேண்டிய அவசியமே இல்லை. நகராம இருந்தா நல்லதும்கூட. பஞ்சர்னா சக்கரம் நேரா கீழ வந்துரும், திருப்பி மாட்டினா அதே இடத்துல போய் உக்காரும். பிரேக் கட்டையை மறுபடி சரி பண்ண வேண்டாம். எம்பி நின்னு மிதிச்சாலும் செயின் அச்சை இழுத்துச் சக்கரத்தைக் கோணலாக்காது. கியருக்கு நிமிர்ந்த காடி பொருத்தம்தான், அதை நான் மறுக்கல.

ஆனா கியர் வந்த அன்னைக்கே நிமிர்ந்த காடி வந்துடல. டூர் டி பிரான்ஸ் ரேஸ்ல டீரெய்லரை அனுமதிச்சதே 1937லதான். அதுக்கு முன்னால மலை வந்தா இறங்கி, பின்சக்கரத்தைக் கழட்டி, மறுபக்கம் இருக்கிற வேற பல்லு செயினுக்கு வர்ற மாதிரி திருப்பி மாட்டிட்டு ஏறுவாங்க. படுக்கைக் காடி இல்லாம அது நடக்காது. 1940கள்ல இத்தாலியில காம்பக்னோலோ கம்பெனி காம்பியோ கோர்ஸான்னு ஒண்ணு கொண்டுவந்துச்சு. அதுல ஸ்பிரிங் கையே கிடையாது. ஓட்டிக்கிட்டே பின்னால கையை விட்டு ஒரு நெம்புகோல்ல அச்சைத் தளர்த்தணும், பெடலைப் பின்னோக்கி மிதிச்சுக்கிட்டே இன்னொரு நெம்புகோல்ல செயினை மாத்தணும், அப்புறம் அச்சை இறுக்கணும். சக்கரமே பல்வச்ச காடியில முன்ன பின்ன போய் செயினைச் சரி பண்ணிக்கும். இதைத் திருச்செந்தூர் ரோட்டுல செஞ்சு பாத்தா பின்னால வர்ற லாரிக்காரர் என்ன பாஷையில வாழ்த்துவார்னு உங்களுக்கே தெரியும். :-)

இப்ப என் தப்பு

2020 ஊரடங்குல வீட்டுலேர்ந்தே வேலைன்னு ஆனதும் தூத்துக்குடிக்கு வந்துட்டேன். கையில காசு, காலையில நேரம், அலுமினியம் ஃபிரேம்ல ஒரு கியர் சைக்கிள் வாங்கினேன். விடியக்காலம் ரோச் பூங்கா, பீச் ரோடு, துறைமுகம் ரோடுன்னு ஒரு சுத்து. வந்ததும் நல்ல தண்ணியில கழுவி, துடைச்சு, செயினுக்கு எண்ணெய் விட்டு, ஹால்ல கொண்டுபோய் நிறுத்துவேன். அம்மா திட்டுவாங்க. சைக்கிள் இன்னைக்கு வரைக்கும் நல்லா இருக்கு.

எங்க எதிர்வீட்டு அக்கா உப்பளத்துக்கு வேலைக்குப் போறவங்க. அவங்க மகனுக்கு 2023ல துறைமுகம் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல கணக்கு எழுதுற வேலை கிடைச்சுது. ஷிப்டு வேலை, தினக்கூலி. வீட்டுலேர்ந்து ஒம்பது கிலோமீட்டர், ராத்திரி ஷிப்டுக்கு பஸ்ஸை நம்ப முடியாது. பதினொண்ணாம் கிளாஸ்ல அரசாங்கம் குடுத்த சைக்கிளைத் தங்கச்சி ஓட்டிக்கிட்டு இருந்தா. அக்கா எங்கிட்ட வந்து, "தம்பி, நீதான் சைக்கிள் பத்தியெல்லாம் படிக்கியே, நல்லதா ஒண்ணு சொல்லு"ன்னு கேட்டாங்க.

நான் சொன்னேன். 21 கியர், அலுமினியம் ஃபிரேம், பதினாலாயிரம் ரூபா. மகளிர் குழுவுல கடன் எடுத்து வாங்கினாங்க. பையன் முகத்துல அன்னைக்கு இருந்த சிரிப்பைப் பாத்து எனக்கே பெருமை தாங்கல.

எங்க ரெண்டு பேர் சைக்கிளும் ஒரே மாதிரிதான். ஆனா ஒண்ணு ஹால்ல தூங்குது, இன்னொண்ணு ராத்திரி பூரா யார்டு வேலியோரம் கடல்காத்துல நிக்குது. எட்டு மணி நேரம் வேலை பாத்துட்டு வர்றவன் நல்ல தண்ணி பிடிச்சு சைக்கிள் கழுவுவானா, தூங்குவானா? இதை யோசிக்காம ஆலோசனை சொன்னவன் நான்.

அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கிட்டு இருக்கிற இடத்துல உப்புத்தண்ணி பட்டா, அலுமினியம்தான் அரிச்சுப்போகும். பள்ளிக்கூடக் கெமிஸ்ட்ரிதான், பரீட்சைக்குப் படிச்சதோட சரி. அந்த சைக்கிள்ல டீரெய்லர் தொங்குறது ஹேங்கர்னு ஒரு சின்ன அலுமினியத் துண்டுல. அது ஃபிரேமோட இரும்பு ஆணியில கோர்த்திருக்கும்.

அப்புறம் 2023 டிசம்பர் 17, 18. அந்த மழையை நெல்லை தூத்துக்குடிக்காரங்க யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல பெய்ஞ்சுது. எங்க தெருவுல தண்ணி வடியவே நாளாச்சு. அவன் சைக்கிளும் முழுகிச்சு, எங்க அப்பாவோட பழைய ஹெர்குலிஸும் முழுகிச்சு. (என்னோடது மாடியில. வசதின்னா இதுதான்.)

தண்ணி வடிஞ்ச ஞாயித்துக்கிழமை அப்பா ஹெர்குலிஸைக் கவுத்துப் போட்டு, சக்கரம் கழட்டி, பால்ஸ் மாத்தி, கிரீஸ் வச்சு, செயினை மண்ணெண்ணெயில ஊறப்போட்டு எடுத்தார். சாயங்காலம் அதுல போய் பால் வாங்கிட்டு வந்துட்டார். கியர் சைக்கிளையும் எங்களால முடிஞ்ச அளவு சுத்தம் பண்ணினோம். ஆனா கேபிளுக்குள்ள போன சகதியை எப்படி எடுக்க? கியர் மாறுறது கஷ்டமாவே இருந்துச்சு, அவனும் சமாளிச்சு ஓட்டினான்.

2024 மார்ச்ல ஒரு நாள் விடியக்காலம் ஷிப்டு முடிஞ்சு வரும்போது துருப்பிடிச்சு இறுகிப்போன செயின், டீரெய்லரை அப்படியே சுருட்டி ஸ்போக்ஸுக்குள்ள இழுத்துருச்சு. ஹேங்கர் ரெண்டா உடைஞ்சுது. நியாயமாப் பேசணும்னா, ஹேங்கரோட வேலையே அதுதான். அலுமினியம் ஃபிரேமை இரும்பு மாதிரி வளைச்சு நிமித்த முடியாது, அதனால ஃபிரேம் பிழைக்க அந்தத் துண்டு உடையணும்னுதான் தனியாச் செஞ்சு வைக்கிறாங்க. சிக்கல் என்னன்னா, மாடலுக்கு ஒரு ஹேங்கர். 2019ல ஸ்ராம் கம்பெனி எல்லாத்துக்கும் பொதுவா ஒரு ஹேங்கர் அளவு கொண்டுவந்துச்சு, ஆனா அதுவும் விலை கூடின சைக்கிளுக்குத்தான். எங்க ஊர்க் கடைகள்ல கிடைக்கல. ஆர்டர் போட்டோம், பத்து நாள் கழிச்சு வேற மாடலோடது வந்துச்சு.

அதுக்குள்ள அண்ணாச்சி கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போனோம். கியரே வேண்டாம், ஒத்தப் பல்லுல ஓடினாப் போதும்னோம். அவர் குனிஞ்சு பாத்துட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"எய்யா, நம்ம பழைய காடியா இருந்தா செயினை வெட்டி மாட்டி, அச்சைப் பின்னால இழுத்து இறுக்கி அரை மணிக்கூர்ல அனுப்பிருவேன். இதுல எங்கன இழுக்க? நட்டமால்லா நிக்கி!"

"வேற வழியே இல்லையா அண்ணாச்சி?"

"ஒரு ஜோடி கண்ணிய எடுத்தா செயின் ஏற மாட்டேங்கு. விட்டா தொங்குது. நீயே பாரு."

நிமிர்ந்த காடிக்குன்னு ஸ்பிரிங் வச்ச டென்ஷனர் கிடைக்கும். ஆனா அது வழக்கமா மாட்டுற இடம் ஹேங்கர் ஓட்டைதான். எது உடைஞ்சுதோ அதுலயே மாட்டணும்! சரி, நாம என்ஜினியராச்சேன்னு நான் பேப்பரை எடுத்தேன். முன்னால எத்தனை பல்லு பின்னால எத்தனை பல்லு போட்டா, அச்சை நகர்த்தாமலே செயின் கச்சிதமா உக்காரும்னு கணக்குப் போட்டேன். ஒரு ஜோடி கிடைச்சுது. மாட்டினோம், அருமையா ஓடுச்சு. "பாத்தீங்களா அண்ணாச்சி"ன்னு நான் சிரிச்சேன். அவர் ஒண்ணும் சொல்லல.

செயின் தேயும்னு மேல நானே எழுதியிருக்கேன் பாருங்க, அதை அன்னைக்கு மறந்துட்டேன். தேஞ்ச அளவுக்கு அச்சைப் பின்னால தள்ள அந்தக் காடியில இடம் கிடையாது. அதுபோக, கியர் பல்சக்கரத்துல பல்லு, செயின் சுலபமாத் தாவுறதுக்குத் தோதா வெட்டினது. மூணாவது வாரம் ராத்திரி ஷிப்டுக்குப் போகும்போது எம்பி மிதிச்சிருக்கான், செயின் கழண்டு ஆள் குப்புற விழுந்துட்டான். முட்டியில நாலு தையல். பின்னால வண்டி எதுவும் வரல. வந்திருந்தா? துறைமுகம் ரோட்டுல ராத்திரி என்னென்ன வண்டி போகும்னு எங்க ஊர்க்காரங்களுக்குத் தெரியும்.

பதினோரு நாள் வேலைக்குப் போகல, பதினோரு நாள் கூலி போச்சு. நான் பாக்கப் போனப்ப அக்கா திட்டுவாங்கன்னு நினைச்சேன். "படிச்ச புள்ள சொல்லுதான், சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன் தம்பி. சவத்த வுடு, எலும்புக்கு ஒண்ணும் இல்லல்லா"ன்னு சொல்லி காப்பி குடுத்தாங்க. திட்டியிருக்கலாம்.

அதனால என் கருத்து

"உன் சைக்கிளை அழிச்சது உப்பும் வெள்ளமும், காடி மேல ஏன் பழி போடுறே?"ன்னு நீங்க கேக்கலாம். சரியான கேள்வி. உப்புதான் அழிச்சுது. ஆனா கடற்கரை ஊர்ல எந்த சைக்கிளும் என்னைக்காவது ஒரு நாள் பழுதாகும். பழுதான பிறகு என்ன வழிங்கிறதைக் காடி முடிவு பண்ணுது. எங்க தொழில்ல புது வெர்ஷன் போடும்போது, சொதப்பினா பழசுக்குத் திரும்ப வழி இருக்கான்னு பாக்காம போட மாட்டோம். ரோல்பேக்னு சொல்லுவோம். படுக்கைக் காடி சைக்கிளோட ரோல்பேக். கியர் செத்தா ஒத்தப் பல்லுக்குத் திரும்பிடலாம். நிமிர்ந்த காடியில அந்த வழி அடைச்சுப்போச்சு.

"எங்க ஊர்க் காத்துல ஒத்தப் பல்லா?" இதுவும் நியாயம்தான். தூத்துக்குடி தட்டையான ஊரு, ரயில்வே மேம்பாலத்தை விட்டா ஏத்தமே கிடையாது. ஆனா ஆடிக்காத்து எதிர்த்தா மேம்பாலமே தேவலைன்னு ஆயிரும். அப்பா சைக்கிள்ல முன்னால 44 பல், பின்னால 18. ஒரு மிதிக்கு சுமார் ஐந்தரை மீட்டர் போகும். பின்னால 20 பல் ப்ரீவீல் போட்டா ஐந்து மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. காத்துல அந்த வித்தியாசம் கால்ல தெரியும். ரெண்டு பல்லு கூடினா அச்சு ஆறு மில்லிமீட்டர் முன்னால வந்தாப் போதும். செயினை மாத்த வேண்டாம், காடியே பாத்துக்கும். நாங்க இப்ப அதைத்தான் செஞ்சிருக்கோம்.

"பஞ்சர் ஆனா சக்கரம் கழட்டவே அரை நாள் ஆகுமே?" ஆகும். செயின் கவர், மட்கார்டு கம்பி, கேரியர், ஸ்டாண்டு எல்லாமே அந்த அச்சுலதான் வந்து சேருது. அதனாலதான் அண்ணாச்சிமார் யாரும் சக்கரத்தைக் கழட்டுறதே இல்லை. டயரை ஒரு பக்கம் நெம்பி, டியூபை உருவி, பஞ்சர் ஒட்டி உள்ள தள்ளிருவாங்க. பத்து நிமிஷம்.

டிஸ்க் பிரேக்? இங்கதான் படுக்கைக் காடி தோத்துப்போகுது. அச்சு நகர்ந்தா டிஸ்க்கும் நகரும், பிரேக் அதே இடத்துல நிக்கும். காடியே மொத்தமா நகர்ற மாதிரி செஞ்ச ஃபிரேம்கள் இருக்கு, பிரேக்கும் கூடவே நகரும். ஆனா அதோட விலையைக் கேட்டா நாம நகர்ந்துருவோம்.

இன்னொரு விஷயம், பார்ட்ஸ். 1949ல முருகப்பா குழுமம் இங்கிலாந்துக் கம்பெனியோட சேர்ந்து ஆரம்பிச்ச டிஐ சைக்கிள்ஸ் அம்பத்தூர்ல ஹெர்குலிஸ் செஞ்சாங்க. வடக்க ஹீரோ, அட்லஸ். எல்லாருக்கும் மாதிரி அதே இங்கிலாந்து ரோட்ஸ்டர்தான். அதனால ஒருத்தர் சைக்கிளுக்கு இன்னொருத்தர் சாமான் பொருந்தும். 2020 ஜூன் 3ஆம் தேதி, உலக சைக்கிள் தினத்தன்னைக்கே, அட்லஸ் தன்னோட சாகிபாபாத் ஆலையை நிறுத்துச்சு. அதுக்காகப் பழைய அட்லஸ் வச்சிருக்கிறவர் யாரும் சாமான் இல்லாம சைக்கிளை மூலையில போடல. அந்த மாடல் இப்ப வர்றதில்லை சார்னு எங்க ஹேங்கருக்குச் சொன்ன மாதிரி அவருக்கு யாரும் சொல்ல முடியாது.

சரி, எதை வாங்க?

காலையில உடற்பயிற்சிக்கு ஓட்டுறீங்க, வீட்டுக்குள்ள நிறுத்த இடம் இருக்கு, வாரம் ஒரு தடவை கழுவ நேரம் இருக்கா? கியர் வாங்குங்க, நிமிர்ந்த காடியே இருக்கட்டும். ஆனா சைக்கிள் வாங்குற அன்னைக்கே அதே மாடல் ஹேங்கர் ஒண்ணு கூட வாங்கி டப்பால போட்டு வைங்க. இல்லைன்னு கடைக்காரர் சொன்னா, அந்த சைக்கிளே வேண்டாம்.

வேலைக்குப் போக, மழையிலயும் உப்புக்காத்துலயும் நிக்கப்போற சைக்கிளா? பின்பக்கம் திறந்த காடி, ரெண்டு பக்கமும் செயின் அட்ஜஸ்டர், இறுக்க நல்ல நட்டு. ஒத்தப் பல்லு. யோசிக்கவே வேண்டாம்.

வேலைக்கும் வேணும், கியரும் வேணுமா? இரும்பு ஃபிரேம்ல முன்பக்கம் திறந்த படுக்கைக் காடி, அதுல அச்சு நட்டோட சேர்த்து ஒரு தகடு மாட்டி டீரெய்லரைத் தொங்கவிட்டிருக்கிற மாதிரி பாருங்க. சைக்கிள் ஆர்வலர்கள் மூக்கைச் சுளிப்பாங்க, நானும் ஒரு காலத்துல சுளிச்சவன்தான். ஆனா தகடு உடைஞ்சா வேற தகடு, அதுவும் கிடைக்கலைன்னா கழட்டிப் போட்டுட்டு ஒத்தப் பல்லு. வேலை நிக்காது. பின்பக்கம் திறந்த காடியிலயும் டீரெய்லர் ஓடும், ஆனா சக்கரம் கழட்டும்போது செயினும் டீரெய்லரும் குறுக்க நின்னு உயிரை வாங்கும்.

நாலாவதா, சக்கரத்தோட ஹப்புக்குள்ளயே கியர் வச்சது. ஸ்டர்மி-ஆர்ச்சர் கம்பெனி 1902லயே மூணு கியர் ஹப் கொண்டுவந்துட்டாங்க. எல்லாம் உள்ள அடைஞ்சு கிடக்கிறதால உப்பு சுலபமா அண்டாது. இதுக்கும் செயினை இழுத்துப் பிடிக்கப் படுக்கைக் காடிதான் தோது. என்னைக் கேட்டா எங்க ஊருக்கு இதுதான் சரியான சைக்கிள். நம்ம கம்பெனிகள் இந்த மாதிரி ஒண்ணைச் சாதாரண விலைக்குக் குடுத்தா முதல் ஆளா வாங்குவேன்.

கம்பெனிக்காரங்களைச் சும்மா திட்டிப் பிரயோஜனம் இல்லை. கியர் எத்தனைன்னு நாம கேக்குறோம், அவங்க அதைப் பெரிய எழுத்துல ஒட்டுறாங்க. காடியைப் பத்தி யாரும் கேக்குறதில்லை, அதனால யாரும் எழுதுறதுமில்லை. நாலு பேர் கடையில குனிஞ்சு பின்சக்கரத்தைப் பாக்க ஆரம்பிச்சா கடைக்காரரும் கம்பெனிக்குச் சொல்லுவார்.

ஆலோசனை சொல்றவங்களுக்கும் ஒரு வார்த்தை, முக்கியமா எனக்கே. யாராவது எந்த சைக்கிள்னு கேட்டா, மாடல் பேரைச் சொல்றதுக்கு முன்னால மூணு கேள்வி கேளுங்க. ராத்திரி எங்க நிக்கும்? யார் ரிப்பேர் பண்ணுவா? ரெண்டு நாள் ஓடலைன்னா வீட்டுல என்ன ஆகும்? மூணாவது கேள்விக்கு "ஒண்ணும் ஆகாது"ன்னு பதில் வந்தா என்ன வேணும்னாலும் சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது. அந்தப் பையனுக்குப் பதினோரு நாள் கூலி.

அப்பா தன்னோட ஹெர்குலிஸை அவன்கிட்ட குடுத்துட்டார். "எனக்கு இனிமே எதுக்குலே, பால் வாங்க நடந்தே போறேன்"னார். கியர் சைக்கிளை அக்கா வாங்கின விலைக்கே நான் எடுத்துக்கிட்டேன். முதல்ல மாட்டேன்னாங்க, குழுக் கடனைச் சொல்லித்தான் சம்மதிக்க வச்சேன். சரியான ஹேங்கர் வந்து சேர மே மாசம் ஆச்சு.

போன தடவை ஊருக்குப் போனப்ப அவன் வாசல்ல ஹெர்குலிஸைக் கவுத்து வச்சு செயினை இறுக்கிக்கிட்டு இருந்தான். ரெண்டு நட்டைத் தளர்த்தி, அட்ஜஸ்டரை ரெண்டு பக்கமும் ஒரு சுத்து, திரும்ப இறுக்கினான். அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது. நானும் குனிஞ்சு பாத்தேன். காடியில அச்சுக்குப் பின்னால இன்னும் முக்கால் விரல் இடம் மிச்சம் இருக்கு.

கொசுறு: "அப்ப உன் கியர் சைக்கிளை வித்துட்டியா?"ன்னு கேக்கப்போறவங்களுக்கு: இல்லை. இப்ப ரெண்டு கியர் சைக்கிள் வச்சிருக்கேன். ரெண்டுக்கும் டப்பால ஹேங்கர் இருக்கு. அம்மா இன்னும் திட்டுறாங்க. :-)